மணி அடித்ததும் விழுந்த பெண்

நேயர்களுக்கு வணக்கம். இதயத் துடிப்புக் கோளாறு என்றதும் மார்பைப் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டும் பெரியவர்தான் உங்கள் நினைவுக்கு வருவார். நான் சொல்லப்போவது 17 வயதுப் பெண்ணைப் பற்றி.

இரண்டு வருடமாக வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவள். அன்றும் வலிப்பு என்றுதான் எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கிவந்தார்கள். ஆனால் தெளிவாகப் பேசினாள். அதுதான் எனக்கு உறுத்தியது. வலிப்பு வந்து எழுந்தவர் பெரும்பாலும் கொஞ்ச நேரமாவது மலங்க மலங்க விழிப்பார். "எப்படிம்மா விழுந்தா?" என்று தாயைக் கேட்டேன். "அலாரம் அடிச்சுதுங்க சார். திடுக்குனு எழுந்தா, அப்படியே சரிஞ்சுட்டா. போன தடவை போன் மணி."

ஈ.சி.ஜி. எடுத்தோம். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் அடுத்ததற்குத் தயாராக வேண்டும் அல்லவா? அந்த நேரம் இவளுக்கு நீண்டு கிடந்தது. க்யூ.டி. நீளம் என்போம். அந்த நேரத்தில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு விழுந்தால் ஆபத்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மானிட்டரில் அலைகள், ஈரத்துண்டைப் பிழிவது போல, மேலும் கீழுமாக முறுக்கிக்கொண்டு ஓடின. 1966இல் தெசெர்தென் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த 'தோர்சாத் த புவாந்த்' இதுதான். சில நொடிகளில் தானே நின்றது. திரும்ப வராமலிருக்க மக்னீசியம் வேண்டும், எங்கள் அலமாரியிலோ இல்லை. பிரசவ வார்டில் எப்போதும் இருக்கும், கர்ப்பிணிகளுக்கு வரும் வலிப்புக்கு அதுதான் மருந்து. நர்ஸ் ஓடிப்போய் வாங்கிவந்தார். வலிப்பே இல்லாதவளுக்குக் கடைசியில் வலிப்பு மருந்து! வேடிக்கைதான்.

இது குடும்பத்தில் வரக்கூடியது. 1957இல் நார்வேயில் ஒரே வீட்டில் காது கேளாத நான்கு பிள்ளைகள் இப்படி மயங்கி விழுந்ததை ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இருவர் எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளில் மூவர் திடீரென்று இறந்துபோனவர்கள். அதனால் எங்கள் பெண்ணின் தங்கைக்கும் ஈ.சி.ஜி. எடுத்தோம். அவளுக்கும் அதே நீளம்.

அதனால்தான் சொல்கிறேன், விழுந்தவரைவிட அவர் விழுந்ததைப் பார்த்தவரைக் கேட்க வேண்டும். மணி அடித்ததா, நீந்தினாரா, ஓடினாரா, புதிதாக மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா? எரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக்கும் இதயம் தயாராகும் அந்த நேரத்தை நீட்டிவிடும். அப்புறம், மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுவாருங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். டயாலிசிஸ் தவறிய சிறுநீரக நோயாளிக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி நாடி மந்தமாவதையும் சொல்ல வந்தேன். டயாலிசிஸ் நாளைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதோடு நிறுத்துகிறேன். வணக்கம்.