உள்ள வர்ற போனாச்சும் நிக்காம வரட்டுங்க

(பட்டிமன்றத் தலைப்பு: ஏழை வீட்டுப் போன் செலவை அரசு ஏற்கணுமா, வேண்டாமா? "ஏற்கணும்" அணியின் உரை)

நடுவர் ஐயாவுக்கும், நோம்பிக்கு வந்து பாய் விரிச்சு உக்காந்திருக்கிற தாய்மாருக்கும் வணக்கமுங்க.

எனக்கு முன்னால பேசின அண்ணன், "அரிசி ஓசி, பஸ் ஓசி, இனிப் போனும் ஓசியா? கொங்கு நாட்டுக்காரன் ஓசிக்குக் கை நீட்டுவானா?"ன்னு கேட்டு நல்லாக் கைதட்டு வாங்கிட்டாரு. அண்ணனுக்கு நாலு தறி ஓடுதுங்க. விசைத்தறிக்கு ரெண்டு மாசத்துக்கு 1,000 யூனிட் இலவசம். தோட்டத்து மோட்டாருக்கும் கரண்டு பில்லு கிடையாது. தப்புங்கலீங்க, அது வேணும். 1972-ல கரண்டுக் கட்டணப் பிரச்சனைக்கு விவசாயிக சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு பின்னால மாட்டு வண்டியக் கட்டிட்டுப் போயி கோயமுத்தூரையே நிறுத்தினது நம்ம அப்புச்சிமாருங்க. அவங்க ஓசியா கேட்டாங்க? பொழப்பு ஓடணும்னு கேட்டாங்க. போனும் இன்னைக்கு அந்தக் கணக்குலதான் வருது.

எங்க வளவுல ஒரு அக்கா இருக்காங்க. தறிக்கு நூல் தார் சுத்தப் போறவங்க, சனிக்கிழமைக் கூலி. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டின பட்டன் போன் ஒண்ணு வெச்சிருக்காங்க. போன மாசம் கேஸ் வண்டித் தம்பி சிலிண்டரை வாசப்படியில இறக்கிட்டு, "அக்கா, ஓடிபி சொல்லுங்க"ன்னாரு. வந்தாத்தானுங்க சொல்றதுக்கு? ரீசார்ஜ் முடிஞ்சு இன்கமிங்கும் நின்னு போயிருந்துச்சு. அக்கா போனைத் தட்டிப் பார்த்தாங்க, பேட்டரியக் கழட்டி மாட்டிப் பார்த்தாங்க. சிலிண்டர் மறுபடி வண்டியேறிருச்சு. அன்னைக்கு ராத்திரி அந்த வீட்டுல கருவேல முள்ளுலதான் சோறு வெந்துச்சு.

நமக்கு மாசம்னா 30 நாளுங்க, போன் கம்பெனிக்காரருக்கு 28. வருசத்துக்கு 12 தரமில்ல, 13 தரம். ஒரு தரத்துக்கு 200 ரூவான்னு வெச்சாக்கூட 2,600. புருசனுக்கும் ஒரு போன்னா 5,200.

அட, போனே வேண்டாம்னு இருக்கலாமான்னா விடுறாங்களா? பேங்குக்கு நம்பர், பென்சனுக்கு நம்பர், ஆதாருக்கு நம்பர். நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1-லருந்து வருகைப் பதிவே போன்லதான்னு ஆக்கினாங்க, நாளைக்கு ரெண்டு போட்டோ. அதை எடுக்கிற மேட்டும், அதான் வேலையிடத்து மேற்பார்வைக்காரங்களும், அவங்களோட மண்ணு சுமக்கிற வீட்டுப் பொம்பளதான். பல இடத்துல போனும் அவங்களுது, நெட்டும் அவங்களுது. படலுக்குப் பூட்டுப் போட்டது சர்க்காரு, சாவி மட்டும் எங்க காசுலயா?

அமெரிக்காக்காரன் 1985-லயே லைஃப்லைன்னு ஒரு திட்டம் கொண்டாந்தான். அப்ப ஜனாதிபதி ரீகன், மானியத்தை வெட்டறதுல பேர் போனவரு! இன்னைக்கும் ஏழை வீட்டுப் போன் பில்லுல மாசம் 9.25 டாலர் வரைக்கும் கழிக்கிறாங்க. ஒரே வீட்டுல ரெண்டு இணைப்பு வாங்கின திருட்டுத்தனமும் அங்க நடந்துச்சு, மறைக்கல. 2012-ல விதிய இறுக்கினாங்களே ஒழிய, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தல.

காசுக்கு எங்க போறதுன்னு அண்ணன் கேட்டாரு. 2002-லருந்து போன் கம்பெனிகளோட வருமானத்துல 5 சதம்னு ஒரு நிதி, பட்டிக்காட்டுக்கும் போன் வசதி போய்ச் சேரணும்னே பிடிக்கிறாங்க; இப்ப அதுக்குப் பேரு டிஜிட்டல் பாரத் நிதி. டவருக்கும் கேபிளுக்கும் போகுது, போகட்டும். ஆனா டவர் உச்சியில லைட்டு எரியுது, அதுக்கு அடியில அக்கா போன் செத்துக் கெடக்குதுங்களே!

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுக்கறேன். ரீல்ஸ் பார்க்க நெட்டு நான் கேக்கல. வெளிய கூப்பிடக்கூடக் காசு அவங்களே போட்டுக்கட்டும். ஏழை வீட்டு ரேசன் கார்டுக்கு ஒரு நம்பர், அதுல வருசம் பூராம் இன்கமிங்கும் ஓடிபியும் நிக்காம வரணும். அவ்வளவுதான் கேக்கறனுங்க.

அந்த அக்கா மூணாவது வரிசையில, தூணுக்குப் பக்கத்துல உக்காந்திருக்காங்க. இன்னைக்கு அவங்களுக்கு 27-ஆவது நாளுங்க.