பேச இயலாதவருக்காகப் பேசுதல்

நேயர்களுக்கு வணக்கம். முதுமை மறதி நோயுள்ள தாயோ தந்தையோ வேறொரு நோய்க்காக மருத்துவமனை விடுதியில் அனுமதிக்கப்படும்போது, அவரைப் பற்றி வீட்டாருக்குத் தெரிந்தவையும் மருத்துவக் குறிப்பில் ஏற வேண்டும் என்பதே நான் இன்று வலியுறுத்த வந்த விடயம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கையின் சனத்தொகையில் 12.4 வீதமானோர் 60 வயதைக் கடந்திருந்தனர். பிள்ளைகளிற் பலர் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, ஊரில் எஞ்சிய ஒருவரே பெற்றோரைப் பராமரிக்கும் வீடுகள் யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையிலும் உண்டு.

என் தாயார் ஓய்வுபெற்ற ஆசிரியை. காலிற் பட்ட புண் ஆறாமையால் அவரைக் குடாநாட்டு மருத்துவமனை ஒன்றில் சேர்த்திருந்தோம். காலையில் நோயாளரைப் பார்வையிட வந்த இளம் வைத்தியர், நான் அருகில் நிற்க, மிகுந்த பரிவுடன் "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று கேட்டார். "ஓம் தம்பி, புட்டும் மாம்பழமும் சாப்பிட்டனான். நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்றார் அம்மா. அந்தத் தெளிவான உச்சரிப்பையும் உபசரிப்பையும் கேட்ட எவரும் ஐயுற்றிருக்க மாட்டார். வைத்தியரும் "நன்றாக உண்கிறார்" என்று அம்மாவைப் பற்றிக் குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போக முனைந்தார். கட்டிலருகே இருந்த சிறு அலுமாரியின் மேல், விடுதியில் கொடுத்த பாணும் பருப்பும் மூடியபடியே இருந்தன. தேநீரில் ஆடை படிந்திருந்தது. நான் மூடியைத் திறந்து காட்டிய பின்னரே அவர் எழுதியதை வெட்டினார். பாணைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து அம்மாவின் விரல்களுக்கிடையில் வைத்தவுடன், அவர் ஒன்றும் பேசாமல் முழுவதையும் உண்டு முடித்தார். பசி இருந்தது. பசிக்கிறது என்று சொல்லவும், மூடிக்குள் உணவு இருக்கிறது என்று உணரவும்தான் அவரால் இயலவில்லை.

ஆகையால் இத்தகைய நோயாளியின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் தட்டைப் பாருங்கள் என்று தாதியரையும் வைத்தியரையும் மன்றாடிக் கேட்கிறேன். நோவும் அப்படித்தான். "நோகுதோ?" என்று கேட்டால் இல்லை என்பார், காலைத் திருப்பும்போது முகம் சுருங்கும். அந்த முகத்தை வாசிக்கத் தெரிந்தவர் வீட்டு ஆள்தான்.

இனி, இதைவிடப் பாரதூரமான ஒன்று. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லமெல்ல முற்றுவது. நேற்றுவரை மகனை அடையாளம் கண்டவர் இன்று காணவில்லை என்றால், அல்லது ஒரே நாளில் விழிக்க முடியாத அளவுக்குச் சோர்ந்துவிட்டார் என்றால், அதை "அறளை பெயர்ந்துவிட்டது" என்று ஒதுக்கிவிடலாகாது. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் குறைதல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இந்தத் திடீர்க் குழப்பத்தை உண்டாக்கலாம். காரணத்தைக் கண்டு சிகிச்சை செய்தால் பெரும்பாலும் தணியும். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே தொற்று இருக்கக்கூடும். தடிமனுக்கும் சொறிச்சலுக்கும் நாம் சாதாரணமாக விழுங்கும் குளோர்பெனிரமின் மாத்திரைகூட இவர்களின் குழப்பத்தைக் கூட்டும். நேற்று எப்படி இருந்தார் என்பது காலையில் கடமைக்கு வந்த தாதிக்குத் தெரியாது, வீட்டாருக்குத் தெரியும். அதைச் சொல்ல வருபவரைப் பார்வையாளர் நேரம் முடிந்தது என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது நோயாளிக்கே கேடு.

பொழுதுபடும் நேரத்தில் அம்மா கட்டிலை விட்டு இறங்கினார். விளக்கேற்றும் நேரம் அது. அவர் தேடியது சுவாமி அறையை. விடுதியில் அது ஓடித் திரிவதாகக் கொள்ளப்பட்டு, மறுநாள் நான் போனபோது அவருடைய மணிக்கட்டுகள் பந்தனத் துணியால் கட்டிற் கம்பியோடு கட்டப்பட்டிருந்தன. இரவில் ஒரு விடுதி முழுவதையும் ஓரிரு தாதியர் பார்க்கும் நிலையை நான் அறிவேன். அவர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கட்டப்பட்டவர் மேலும் மிரள்வார். மிரண்டவரை அடக்க மருந்து கொடுக்கப்படும். மறதி நோயுள்ள முதியவர்களுக்குக் கொடுக்கப்படும் இத்தகைய மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இலேயே எச்சரித்திருக்கிறது. அருகில் ஒருவர் இருந்து கையைப் பிடித்துக்கொண்டாலே பல வேளைகளில் இதற்குத் தேவை ஏற்படாது. பெண்கள் விடுதியில் இரவு ஆண்கள் தங்க முடியாது என்ற விதி நியாயமானதே. ஆயினும் சகோதரிகள் கடல் கடந்துவிட்ட என்னைப் போன்ற மகன் யாரை இருத்துவான்? கூலிக்கு ஒருவரை அமர்த்தினால், அவருக்கு அம்மாவைத் தெரியாது. இத்தகையோருக்கென விடுதியில் ஒரு மூலையையாவது ஒதுக்கி, உறவினர் எவராயினும் இருக்க வழி செய்ய வேண்டும்.

அதுவரை, கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டிவிடுங்கள். அவரை எப்படி அழைத்தால் திரும்புவார், எந்தக் காது கேட்கும், மூக்குக் கண்ணாடியும் பற்கட்டும் உண்டா, எதை விரும்பி உண்பார், பொழுதுபட்டால் எதைத் தேடுவார் என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். படுத்த நிலையில் ஊட்ட வேண்டாம், நிமிர்த்தி இருத்தியே ஊட்டவும் என்பதையும் சேருங்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நியூமோனியாவில் முடியலாம்.

வீட்டுக்கு அனுப்பும் நாளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விடுதியில் புதிதாகத் தொடங்கிய ஒவ்வொரு மாத்திரையையும், குறிப்பாக நித்திரைக்கும் அமைதிக்கும் கொடுத்தவற்றை, எந்தத் திகதியில் நிறுத்துவது என்று கேட்டுத் துண்டில் எழுதுவித்த பின்னரே அங்கிருந்து புறப்படுங்கள். நன்றி, வணக்கம்.