நீண்ட இடைவெளிக்குப் பின் டிரெயில் ஓட்டத் திரும்புகிறேன், எந்த பைக்கை வாங்கலாம்? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேட்டவர் தேவையான விவரங்கள் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். அவருக்கு 51 வயது. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 88 கிலோ. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பு வரை 250 சிசி டூ ஸ்ட்ரோக் பைக்கில் காட்டுத்தடங்களில் ஓட்டிக்கொண்டிருந்தவர், குடும்பமும் வேலையும் காரணமாக நிறுத்திவிட்டார். இப்போது மாதம் இரண்டு முறையாவது ஓட்ட விரும்புகிறார். இடது முழங்காலில் பழைய காயம் உண்டு. பைக்கை ஏற்றிச் செல்ல வேறு வாகனம் இல்லாததால், தடம் தொடங்கும் இடம் வரை 30 கிலோமீட்டர் சாலையிலேயே ஓட்டிப் போக வேண்டும். நண்பர் ஒருவர் 450 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் பெரிய அட்வென்ச்சர் பைக் (நெடுந்தூரச் சாலைக்கும் மண் சாலைக்கும் ஏற்ற கனமான வண்டி) வாங்கச் சொல்கிறார், அவருடைய மனமோ 300 சிசி டூ ஸ்ட்ரோக்கை நாடுகிறது. எதை வாங்கலாம், புதியதா பழையதா என்பதே கேள்வி.

முதலில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின் நான் திரும்பியபோது, கையில் பணம் இருக்கிறதே என்ற தைரியத்தில் 450 சிசி மோட்டோகிராஸ் (மண் திடலில் நடக்கும் பந்தயத்துக்கான) பைக் ஒன்றை வாங்கினேன். முதல் ஒரு மணி நேரம், இத்தனை ஆண்டுகளை ஏன் வீணாக்கினேன் என்று எண்ணும் அளவுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மூன்றாவது மணி நேரத்தில், பாறைகள் நிறைந்த ஓர் ஏற்றத்தில் நான்கு முறை விழுந்தேன். நான்காவது முறை பைக்கைத் தூக்கி நிறுத்திய பிறகு கிளட்ச் லீவரை முழுமையாக அழுத்தும் அளவுக்கு விரல்களில் வலு இல்லை. ஐந்து மாதங்களில் அதை விற்றுவிட்டேன். பைக்கில் எந்தக் குறையும் இல்லை. நான் முதல் மணி நேரத்தை மனத்தில் வைத்து வாங்கிவிட்டேன், கடைசி மணி நேரத்தை மனத்தில் வைத்து வாங்கியிருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பைக்கைப் பார்க்கும்போதும், கைகால் ஓய்ந்துபோன நிலையில் இதைப் பத்தாவது முறையாகத் தூக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்வியை வைத்தால் அட்வென்ச்சர் பைக் உடனே விலகிவிடுகிறது. அந்த வகையில் இலகுவானது என்று பெயர் பெற்ற யமஹா டெனெரே 700 கூட, எரிபொருளுடன் 200 கிலோவைத் தாண்டுகிறது. கப்பிச் சாலைக்கும் மண் சாலைக்கும் அது அருமையான வண்டி. குறுகிய தடத்தில், சரிவில் தலைகீழாக விழுந்து கிடந்தால், தனி ஆளாக அதை நிமிர்த்துவது பெரும்பாடு.

450-ஐப் பொறுத்தவரை உங்கள் நண்பர் ஒன்றைச் சரியாகச் சொல்லியிருக்கக்கூடும்: எடையில் அதற்கும் 350 சிசி பைக்குக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் காகிதத்தில் இருக்கும் எடை வேறு, கையில் உணரும் எடை வேறு. பெரிய இஞ்சினுக்குள் சுழலும் பாகங்களின் நிறை அதிகம் என்பதால், வளைவில் பைக்கைச் சாய்க்கவும் திசை மாற்றவும் கூடுதல் முயற்சி தேவைப்படுகிறது. அதோடு 450 மோட்டோகிராஸ் இஞ்சின்கள் 50 குதிரைத்திறனுக்கு மேல் தருபவை. களைத்த மணிக்கட்டு ஒரு கல்லில் மோதி அதிர்ந்து, அறியாமல் த்ராட்டிலைத் திருகிவிட்டால், அத்தனை திறனும் அந்தக் கணத்தில் வந்து சேரும். மோட்டோகிராஸ் பைக்கில் விளக்கு இல்லை, பெரும்பாலும் சைடு ஸ்டாண்டும் இல்லை, கியர் விகிதங்கள் நெருக்கமானவை, சஸ்பென்ஷனோ உயரத் தாவலிலிருந்து இறங்குவதற்காக இறுக்கமாக அமைக்கப்பட்டது. பின் சக்கரம்கூட 19 அங்குலம். டிரெயிலுக்கு 18 அங்குலம்தான் நல்லது, ஏனென்றால் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் கல்லின் அடியை அதுவே வாங்கிக்கொள்ளும்.

இனி உங்கள் முழங்காலுக்கு வருகிறேன், இந்தக் கேள்வியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். ஏற்றத்தில் பைக் நின்றுவிட்டால் முன் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது, பாரம் பின்னால் இருப்பதால் முன் சக்கரம் பூட்டிய நிலையிலேயே பின்னோக்கி வழுக்கும். பின் பிரேக்கை மிதித்தாக வேண்டும், அது வலது காலின் வேலை. ஆகவே தரையில் ஊன்றும் கால் பெரும்பாலும் இடது காலாகத்தான் இருக்கும், அதாவது உங்கள் காயம்பட்ட கால். எனவே இருக்கையின் உயரம் உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம்.

கேடிஎம் 300 இஎக்ஸ்சி போன்ற எண்டியூரோ (காட்டுத்தடப் பந்தயத்துக்கான) பைக்குகளின் இருக்கை ஏறத்தாழ 960 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹோண்டா சிஆர்எஃப் 300 எல் பைக்கில் அது 880. பீட்டா எக்ஸ்டிரெய்னர் 300 இரண்டுக்கும் இடையில், 910. இந்த எண்கள் ஆள் ஏறாத பைக்கின் எண்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கும், மென்மையான ஸ்பிரிங் உள்ள பைக் அதிகமாகவே அமுங்கும். ஆகவே விவரப்பட்டியலைப் படித்து முடிவு செய்யாமல் ஏறி உட்கார்ந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

உயரத்தைக் குறைக்கப் பலரும் முதலில் செய்வது இருக்கையின் ஃபோமைச் செதுக்குவது. உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபுட்பெக் அதே இடத்தில் இருக்க, இருக்கை மட்டும் இறங்கினால், முழங்கால் கூடுதலாக மடங்கும், ஒவ்வொரு முறை எழுந்து நிற்கும்போதும் அந்த மூட்டு கூடுதலாக உழைக்கும். டிரெயிலில் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். லோயரிங் லிங்க் (பின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் இணைப்புத் துண்டு) மாட்டினால் பின்புறம் இறங்கும், ஆனால் சஸ்பென்ஷனின் இயக்க விகிதம் மாறிவிடும், முன் ஃபோர்க்கையும் ஈடாக இறக்க வேண்டும், சைடு ஸ்டாண்டையும் வெட்டிக் குறைக்க வேண்டியிருக்கும். மூன்றாவது வழி, ஷாக் அப்சார்பரையும் ஃபோர்க்கையும் பிரித்து உள்ளே ஸ்பேசர் வைத்து, அவற்றின் பயண நீளத்தையே குறைப்பது. செலவு கூடினாலும், பைக்கின் குணம் கெடாமல் உயரம் குறைவது இந்த வழியில்தான்.

டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்ற விவாதத்தில், நீங்கள் விட்டுச் சென்ற காலத்து நினைவை ஓரமாக வைத்துவிடுங்கள். அந்தக் காலத்து 250 டூ ஸ்ட்ரோக் குறைந்த இஞ்சின் சுழற்சியில் தூங்கிக்கொண்டிருந்து, திடீரென்று விழித்துப் பாயும். இன்றைய 300 அப்படியல்ல, குறைந்த சுழற்சியிலேயே டிராக்டர் போல இழுக்கும். கேடிஎம் தன் 2018 மாடல்களில் டூ ஸ்ட்ரோக் எண்டியூரோவுக்கு எரிபொருள் இஞ்செக்ஷனைக் கொண்டுவந்த பிறகு, ஓட்டும் இடத்தின் மலை உயரத்துக்கு ஏற்ப கார்பரேட்டர் ஜெட் (எரிபொருள் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள பாகம்) மாற்றும் தொல்லையும் அந்தப் பைக்குகளில் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக செல்ஃப் ஸ்டார்ட் இருக்கிறது. சரிவில் சாய்ந்து நின்றுகொண்டு கிக்கரை உதைத்தவருக்குத்தான் அந்த ஒரு பொத்தானின் அருமை தெரியும்.

டூ ஸ்ட்ரோக்கின் குறை இறக்கத்தில் வெளிப்படும். த்ராட்டிலை மூடினாலும் இஞ்சின் பைக்கைப் பிடித்து நிறுத்தாது, எல்லா வேலையும் பிரேக்குக்கே வந்துசேரும். ஃபோர் ஸ்ட்ரோக் இறக்கத்தில் தானே இழுத்துப் பிடிக்கும், ஈரமான மண்ணிலும் சீராகத் திறனைத் தரும். நெடுங்காலம் கழித்துத் திரும்புபவருக்கு இந்தக் குணம் ஆறுதலாக இருக்கும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து கொண்டவர்கள் உண்டு, அவர்களில் சிலர் என்னைவிட நன்றாக ஓட்டுபவர்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது இந்த விவாதம் அல்ல, அந்த 30 கிலோமீட்டர் சாலைதான். பந்தயத்துக்காகப் பிறந்த எண்டியூரோ பைக்கின் பராமரிப்பு கிலோமீட்டரில் கணக்கிடப்படுவதில்லை, மணியில் கணக்கிடப்படுகிறது. கேடிஎம்மின் ஃபோர் ஸ்ட்ரோக் எண்டியூரோக்களில் இஞ்சின் ஆயில் மாற்றுவது 15 மணி நேரத்துக்கு ஒரு முறை. நீங்கள் ஒரு நாளில் 4 மணி நேரம் தடத்திலும், போக வர ஒன்றரை மணி நேரம் சாலையிலும் ஓட்டினால், மாதம் 11 மணி நேரம் ஆகிறது, அதாவது ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஆயில். தாங்க முடியாத வேலை இல்லைதான், ஆனால் அதில் கால் பங்குக்கும் மேல் தார்ச்சாலையில் கரைகிறது. இதோடு, பந்தயத்துக்கு மட்டுமே விற்கப்படும் பைக்குகளுக்குப் பெரும்பாலும் சாலைப் பதிவே கிடைக்காது. எதை வாங்கினாலும் பதிவுச் சான்றை முதலில் பாருங்கள்.

ஆகவே உங்கள் இன்றைய நிலைக்கு என் பரிந்துரை, சாலைக்கும் தடத்துக்கும் பொதுவான 250 முதல் 300 சிசி வரையிலான ஃபோர் ஸ்ட்ரோக் பைக். சிஆர்எஃப் 300 எல், கவாசாகி கேஎல்எக்ஸ் 300 ஆகியவை இந்த வகை. இவை இலகுவானவை என்று சொல்ல மாட்டேன். எரிபொருளுடன் 140 கிலோவை ஒட்டி இருக்கும், எண்டியூரோவைவிட ஏறத்தாழ 30 கிலோ அதிகம். நான் முன்பு சொன்ன அளவுகோலில் இது ஒரு சமரசம்தான், மறைக்கவில்லை. ஆனால் இருக்கை தாழ்வானது, இஞ்சின் பொறுமையானது, ஆயில் மாற்றும் இடைவெளி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், தூசியில் ஓட்டுவதால் நீங்கள் அதைச் சற்று முன்னதாகவே மாற்றினால் போதும்.

வாங்கிய பின் செலவழிக்க வேண்டிய முதல் இடம் சைலன்ஸர் அல்ல, சஸ்பென்ஷன். கேடிஎம் எண்டியூரோக்களில் பொருத்தி வரும் ஸ்பிரிங்குகளே 75 முதல் 85 கிலோ வரையிலான ஓட்டுநரை மனத்தில் வைத்தவை. நீங்கள் 88 கிலோ, பூட்ஸ், ஹெல்மெட், காப்புக் கவசம், தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்தால் 100 கிலோவை நெருங்குவீர்கள். பொதுப் பயன்பாட்டு பைக்கில் ஸ்பிரிங் இன்னும் மென்மையாக இருக்கும். முழு உடையுடன் ஏறி நிற்கும்போது பின் சஸ்பென்ஷன் தன் மொத்தப் பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். அதற்கும் அதிகமாக அமுங்கினால், உங்கள் எடைக்குரிய ஸ்பிரிங்கை மாற்றுங்கள். இருக்கை சற்று உயரும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். அடுத்த செலவு கைக்காப்பும் இஞ்சின் அடித்தட்டும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் முதல் கியரில் நடைவேகத்தில் ஊர்ந்து செல்லலாம், இது மலிவான, பயனுள்ள மாற்றம்.

எப்போதாவது பைக்கை ஏற்றிச் செல்ல ஒரு வாகனம் அமைந்தால் என் பதில் மாறிவிடும். அப்போது எக்ஸ்டிரெய்னர் 300-ஐத் தேடிப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு கலக்க வேண்டிய ஆயிலைத் தனித் தொட்டியில் ஊற்றினால் தானே கலந்துகொள்ளும், எடையும் குறைவு, அடங்கிய குணம்.

புதியதா பழையதா என்பதற்கு, பழையதே போதும் என்பேன். முதல் ஓராண்டில் நீங்கள் அதைப் பலமுறை கீழே போடுவீர்கள், புதிய பைக்கின் முதல் கீறல் மனத்தை உறுத்தும். பழைய பைக்கைப் பார்க்கப் போகும்போது, வரும் வரை இஞ்சினை ஓட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போகும்போது அது சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் இஞ்சினாக இருக்கலாம். ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஃபில்டருக்குப் பின்னால், இஞ்சினுக்குப் போகும் குழாயில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், தூசி ஒட்டினால் அந்தப் பைக் வேண்டாம். பின் சக்கரத்தை உயர்த்தி மேலும் கீழும் அசைத்தால் பின் சஸ்பென்ஷனின் லிங்க் பேரிங்கில் தேய்மானத்தால் வரும் ஆட்டம் தெரிந்துவிடும். ஃபோர்க் சீலில் ஆயில் கசிவு, நெளிந்த ரேடியேட்டர் போன்றவை கண்ணிலேயே படும், அவை பேரம் பேசுவதற்குத்தான், மறுப்பதற்கல்ல.

போகும்போது சாதாரணச் செருப்பிலோ ஷூவிலோ போகாமல், ஓட்டும்போது அணியும் பூட்ஸை அணிந்து செல்லுங்கள், அதன் அடிப்பாகம் தரும் உயரத்தோடுதான் உங்கள் கால் தரையைத் தொடப்போகிறது. உரிமையாளர் சம்மதித்தால், புல்தரையில் பைக்கை மெதுவாகப் படுக்கவைத்து, மூன்று முறை அடுத்தடுத்துத் தூக்கிப் பாருங்கள். மூன்றாவது முறை உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது என்பதை எனக்கும் எழுதுங்கள்.