நாக்கில் மை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஈரானிய எழுத்தாளர் ரெசா பராஹெனி பேர் சொல்ல நிற்பது கவிதையாலா, விமர்சனத்தாலா என்பது தலைப்பு. நான் விமர்சனக் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அம்மா, "கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்கிற மாமாதான் விமர்சகர்" என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். சரி அம்மா, அந்த மாமா வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த பந்திக்கும் அதே சாம்பார்தானே வரும்? முதல் பந்தியில் மாமாவுக்குப் பொல்லாப்பு, மூன்றாம் பந்தியில் உங்களுக்கு இரண்டாம் கரண்டி! பாரசீகப் புதுக்கவிதைப் பந்தியில் அந்தப் பொல்லாப்பைத் தலையில் போட்டுக்கொண்டவர் பராஹெனி. அவருடைய விமர்சன நூலின் பெயரே 'செம்பில் தங்கம்'. உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டே பெயர் வைத்திருக்கிறார்!

மாமா நாக்கால் ருசி பார்த்தார். பராஹெனியின் நாக்குக்கு ஒரு கதை உண்டு.

அவர் 1935இல் ஈரானின் தப்ரீஸ் நகரத்தில் பிறந்தவர். வீட்டில் பேசியது அஜர்பைஜானித் துருக்கி. 1945 டிசம்பரில் அங்கே தன்னாட்சி அரசு வந்தது, பள்ளியில் தாய்மொழியும் வந்தது. ஒரே வருடம். அரசு கவிழ்ந்தது, மொழிக்குத் தடை, இனி பாரசீகம்தான். பையன் விடவில்லை. பள்ளியின் சுவர்ப் பத்திரிகையில் துருக்கி மொழியில் எழுதிவிட்டான். தண்டனை என்ன தெரியுமா? பிரம்படி இல்லை. முட்டி போடச் சொல்லவில்லை. எழுதிய மையை நாக்கால் நக்கி அழிக்கச் சொன்னார்கள். சின்னப் பையன், நடுவர் அவர்களே! ஒவ்வொரு எழுத்தாக நக்கினான். எழுத்தை நாக்கில் வைத்துப் பார்த்த விமர்சகர் உலகத்தில் வேறு யார்?

பிறகு இஸ்தான்புல்லில் முனைவர் பட்டம், தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். 1973இல் ஈரான் மன்னர் ஷாவின் ரகசியப் போலீஸான சவாக் பிடித்து 102 நாள் அடைத்தது. "சிறைக் கவிதைகள் எழுதினாரே" என்று எதிரணி துள்ளுகிறது. எழுதினார். இல்லை என்று நான் எங்கே சொன்னேன்?

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம். தலைப்பு கிடக்கட்டும்.

பாரசீகத்திலேயே எழுதிப் புகழ்பெற்று, 2022இல் கனடாவின் டொரோண்டோவில் கண்மூடினார். எனக்கு அந்தச் சாயங்காலம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. பையன் வீடு திரும்பியிருப்பான். "நாக்கு ஏன்டா கறுத்திருக்கு?" என்று அம்மா கேட்டிருப்பாள். துருக்கியில்தான் கேட்டிருப்பாள். அவனும் துருக்கியில்தானே பதில் சொல்லியிருக்க வேண்டும், அந்த நாக்கால்?