இம்பிளான்ட் ஸ்க்ரூ தளர்ந்தால் முதலில் கடியைப் பாருங்கள்

[திரையில்: எக்ஸ்ரே. இயற்கைப் பல்லும் இம்பிளான்ட்டும் (எலும்பில் பொருத்தும் செயற்கை வேர்) அருகருகே.]

பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரிகிறது, இல்லையா? பல்லை எலும்போடு பிணைக்கும் நார்த்திசுவான பெரியோடான்டல் லிகமென்ட் இருக்கும் இடம் அது. அகலம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். இம்பிளான்ட்டைச் சுற்றி அந்தக் கோடு கிடையாது; டைட்டானியத்தை எலும்பு நேரடியாகப் பற்றியிருக்கிறது. கடிவிசை விஷயத்தில் நமக்கு வரும் தலைவலிகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அழுத்திக் கடித்தால் இயற்கைப் பல் 25 முதல் 100 மைக்ரான் வரை உள்ளே அமுங்கும். இம்பிளான்ட் அமுங்குவது 3 முதல் 5 மைக்ரான்தான். லேசான கடியில் எல்லாம் சமமாகப் படும்படி கிரவுனை, அதாவது இம்பிளான்ட்டின் மேல் பொருத்தும் செயற்கைப் பல்லை, சரிசெய்துவிட்டால், பலமான கடியில் பக்கத்துப் பற்கள் இறங்கிவிடும், சுமை முழுவதும் இம்பிளான்ட் தலையில் விழும்.

[திரையில்: ஷிம்ஸ்டாக் தாளை (கடியைச் சோதிக்கும் மிக மெல்லிய தாள்) கிரவுனுக்கு மேல் வைத்து இழுக்கும் காட்சி.]

அதனால் 8 மைக்ரான் ஷிம்ஸ்டாக் தாளை எடுங்கள். லேசாகக் கடிக்கும்போது இம்பிளான்ட் கிரவுனில் தாள் உருவி வரவேண்டும், அழுத்தினால் பிடிக்கவேண்டும். பக்கத்துப் பற்களில் இரண்டு கடியிலும் பிடிக்கட்டும். அப்புறம் தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லுங்கள். அப்போது கிரவுனில் தொடுதல் இருந்தால் எடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், நேர்க்கடியைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கவேண்டும்.

காரணம், பக்கவாட்டு விசை நெம்புகோலாக வேலை செய்கிறது. கிரவுனின் உயரம் 10 மில்லிமீட்டரிலிருந்து 15 ஆனால், அதே விசைக்குத் திருப்புதிறன் ஒன்றரை மடங்கு. இயற்கைப் பல் வேரின் கீழ்ப்பகுதியை மையமாக வைத்துக் கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும். இம்பிளான்ட்டுக்கு அந்த வசதி இல்லை. அழுத்தம் எலும்பின் மேல் விளிம்பிலும், கிரவுனை இம்பிளான்ட்டோடு இணைக்கும் ஸ்க்ரூவிலும் குவியும். கான்டிலீவர், அதாவது அடியில் தாங்கல் இல்லாத பகுதி, நீட்டினால் நேர்க்கடியே நெம்ப ஆரம்பித்துவிடும்.

[திரையில்: ஸ்க்ரூவின் குறுக்குவெட்டு அனிமேஷன்.]

சரி, ஸ்க்ரூவுக்கு வருவோம். இறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. இழுத்துவைத்த ஸ்பிரிங் போலத் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. கிரவுனையும் இம்பிளான்ட்டையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த விசைதான் பிரீலோட். கைவிரலால் திருகினால் அது போதுமான அளவு கிடைக்காது. குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும். பல சிஸ்டங்களில் அளவு 30 அல்லது 35 நியூட்டன் சென்டிமீட்டர். உங்கள் சிஸ்டத்துக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவே கணக்கு. இறுக்கியதும் உலோகப் பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகள் நசுங்கி பிரீலோட் கொஞ்சம் குறையும். பத்து நிமிடம் விட்டு மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்கள்.

அப்படியும் தளர்ந்து வந்தால், இறுக்கிமட்டும் அனுப்பிவிடாதீர்கள். பக்கத்துப் பல்லோடு தொடும் இடம் மிக இறுக்கமாக இருந்து கிரவுன் முழுதாக உட்காராமல் இருக்கலாம். எக்ஸ்ரேயில் கிரவுனுக்கும் இம்பிளான்ட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா பாருங்கள். அது சரியென்றால் மறுபடி கடிக்கு வாருங்கள். பற்கள் தேயும், நகரும், கடி மாறும். முதல் நாளில் சரியாக இருந்த கிரவுனையும் ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் ஷிம்ஸ்டாக் வைத்துப் பார்க்கவேண்டியது இதனால்தான்.