யூனிக் மருந்தும் 45 கோல்ட் ரிவால்வரும்: நேயர் ஒருவரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கும் நேயர் ஒருவரின் கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். அவர் எழுதியிருப்பது இது: "45 கோல்ட் ரிவால்வருக்கு வீட்டிலேயே தோட்டா கெட்டிக்கத் தொடங்கியிருக்கிறேன். நூறு ஆண்டுக்கு மேல் பழமையான யூனிக் வெடிமருந்தையே இன்னமும் பயன்படுத்துவதாகச் சென்ற காணொளியில் சொன்னீர்கள். சீராக அளக்க வருகிற புதிய மருந்துகள் இருக்கும்போது ஏன் அதையே வைத்திருக்கிறீர்கள்? எத்தனை கிரெயின் போடுகிறீர்கள்? எனக்குச் சுடக் கற்றுக்கொடுத்த பெரியவர் விட்டுச்சென்ற, 1890களைச் சேர்ந்த கோல்ட் ரிவால்வர் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அளவைக் குறைத்துக்கொண்டால் அதிலும் இந்த மருந்தைச் சுடலாமா?"

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கிரெயின் என்பது மருந்தை நிறுக்கும் சிறிய எடை அலகு; நான் போடும் அளவை இந்தக் காணொளியில் சொல்லமாட்டேன். குண்டின் எடை, அது எவ்வளவு ஆழமாக உட்காருகிறது, மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூடான கேஸின் சுவர்த் தடிமன், அதன் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வகை, மருந்தின் தயாரிப்புத் தொகுதி ஆகிய ஒவ்வொன்றும் உள்ளே எழும் அழுத்தத்தை மாற்றும் என்பதால், என் துப்பாக்கிக்குப் பொருந்திய எண் உங்களுடையதற்கும் பொருந்தும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. மருந்துத் தயாரிப்பாளரே வெளியிடும் இப்போதைய கையேட்டை எடுத்து, உங்கள் குண்டுக்கு அதில் கொடுத்திருக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். இந்தியாவிலிருந்து பார்க்கும் நேயர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றமாகும். எனவே இந்த விளக்கத்தைச் செய்முறையாக எடுத்துக்கொள்ளாமல், அறிந்துகொள்வதற்காக மட்டும் கேளுங்கள்.

இனி யூனிக். இது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் லாஃப்லின் அண்ட் ராண்ட் என்னும் நிறுவனத்தில் பிறந்தது. பின்னர் அந்த நிறுவனம் டூபாண்ட் கைக்குப் போனது. 1912இல் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் டூபாண்டின் வெடிமருந்துத் தொழிலைப் பிரிக்கச் செய்தபோது ஹெர்குலிஸ் நிறுவனம் உருவாகி இந்த மருந்தை எடுத்துக்கொண்டது. 1995இலிருந்து அலையன்ட் என்ற பெயரில் வருகிறது. இத்தனை கைகள் மாறியும் அதன் அடிப்படை மாறவில்லை. நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்த இரட்டை அடிப்படை மருந்து அது. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டுக் கார்டைட் தொழிற்சாலையின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதாக இராது. பழைய வெப்ளி ரிவால்வர்த் தோட்டாக்களில் சென்ற கார்டைட்டும் இதே இரண்டு பொருள்களோடு கொஞ்சம் பெட்ரோலிய ஜெல்லி சேர்ந்ததுதான்.

டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் மிகச் சிறிய, மெல்லிய, கருஞ்சாம்பல் நிற வட்டத் தகடுகள் தெரியும். இந்தத் தகடு வடிவத்துக்குள்ளேதான் இம்மருந்தின் நன்மையும் குறையும் சேர்ந்து இருக்கின்றன. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்காமல் இடைவெளி விட்டு விழுவதால் இதே எடையுள்ள சிறுமணி மருந்தைவிட அதிக இடத்தை அடைக்கும். 45 கோல்ட் தோட்டாவுக்கு இது ஏன் முக்கியம் என்றால், அந்தக் கேஸ் 1873இல் 40 கிரெயின் கரிமருந்தை, அதாவது புகை கக்கும் பழைய கறுப்பு வெடிமருந்தை, கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. யூனிக் போன்ற இன்றைய புகையில்லா மருந்தில் அதில் நான்கில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. எனவே பெரிய பித்தளைக் கூட்டின் அடியில் மருந்து சிறிதளவே கிடக்கும். மேலே வெற்றிடம் இருக்கும். துப்பாக்கியின் வாய் கீழ்நோக்கி இருந்தால் மருந்து குண்டின் பக்கம் சரியும். மேல்நோக்கி இருந்தால் பிரைமர் பக்கம் குவியும். இந்த வேறுபாட்டினாலேயே குண்டின் வேகம் சற்று மாறும். அடர்த்தியான மருந்தை இந்தக் கேஸில் போட்டால் அந்த வெற்றிடம் இன்னும் பெரிதாகும். யூனிக் ஓரளவு இடத்தை நிரப்புவதாலும், மிக வேகமும் மிக மந்தமும் இல்லாத நடுத்தர எரிவு கொண்டிருப்பதாலும், 38 ஸ்பெஷலுக்கும், 44 ஸ்பெஷலுக்கும், 45 கோல்ட்டுக்கும் ஒரே டப்பாவை வைத்து என்னால் வேலை செய்ய முடிகிறது. இதைவிடச் சிறந்த மருந்து ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து நான் நம்புவது இதைத்தான்.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. அழுத்தம் போதுமான அளவு எழாத மென்மையான தோட்டாக்களில் இது முழுமையாக எரியாது. அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டுவிட்டுக் கேஸை வெளியே எடுத்தால் அதன் வெளிச்சுவரில் ஒரு பக்கமாகக் கரி அப்பியிருப்பதைக் காண்பீர்கள். பித்தளை விரிந்து, சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டி மூடும் அளவுக்கு அழுத்தம் வரவில்லை என்பதே அதன் பொருள். பக்கவாட்டில் சிலிண்டர் திறக்கும் இரட்டை இயக்க ரிவால்வரில் இன்னொரு தொல்லை உண்டு. எரியாமல் மிஞ்சிய ஓரிரு தகடுகள், காலிக் கேஸ்களைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால், அது முழுதாகப் படியாமல் மயிரிழை உயர்ந்து நிற்கும். சிலிண்டர் உராய்ந்து சுழல மறுக்கும். பழுது என்று எண்ணிப் பழுதுபார்ப்பவரிடம் ஓடுவதற்கு முன்னால், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த நட்சத்திரத்தின் அடியைத் துடைத்துப் பாருங்கள். காலிக் கேஸ்களைத் தள்ளும்போது துப்பாக்கியின் வாயை வானத்தை நோக்கி நேராக நிமிர்த்திக்கொண்டால் தகடுகள் கேஸ்களோடு சேர்ந்து கீழே கொட்டிவிடும். இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. குண்டைப் பிடித்திருக்கும்படி கேஸின் வாயை உறுதியாக மடிப்பதும் எரிவுக்கு உதவுகிறது. அழுத்தம் எழும்வரை குண்டு நகராமல் நிற்க வேண்டும் அல்லவா? அதிர்வில் குண்டு முன்னால் ஊர்ந்து வந்து சிலிண்டரைப் பூட்டிவிடாமல் தடுப்பதும் அந்த மடிப்புதான்.

மற்றொரு குறை அளப்பதில் இருக்கிறது, அதை நான் என் தவற்றினாலேயே கற்றுக்கொண்டேன். மருந்து அளக்கும் கருவியின் குழாயில் தகடுகள் சில சமயம் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்துப் பாலம் கட்டிக்கொள்ளும். கைப்பிடியை இழுப்பீர்கள், மருந்து குழாயிலேயே நின்றுவிடும், அடுத்த இழுப்பில் இரண்டும் சேர்ந்து கொட்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் மாலை, அவசரமாக ஐம்பது தோட்டாக்களைக் கெட்டித்து முடித்து, மறுநாள் சுடுதளத்துக்கு எடுத்துச் சென்றேன். முதல் மூன்றும் வழக்கம்போல் வெடித்தன. நான்காவது, கை தட்டுவது போன்ற சிறு ஓசையோடு நின்றது. கையில் உதைப்பே தெரியவில்லை. அட்டையிலும் துளை விழவில்லை. அங்கே என் விரலைத் தடுத்தது பழகிய காது மட்டுமே. ஐந்தாவதை அழுத்தியிருந்தால், குழலுக்குள் சிக்கியிருந்த குண்டின் பின்னால் இன்னொன்று போய் மோதிக் குழல் பருத்திருக்கும் அல்லது பிளந்திருக்கும். துப்பாக்கியை இலக்குப் பக்கம் நீட்டியபடியே சற்று நேரம் காத்திருந்து, சிலிண்டரை வெறுமையாக்கி, தளப் பொறுப்பாளர் அருகில் நிற்க, பித்தளைக் கம்பியை வாய்ப் பக்கமிருந்து விட்டுப் பார்த்தோம். ஈயக் குண்டு குழலின் தொடக்கத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே போய் நின்றிருந்தது. பிரைமர் மட்டும் தனியாகவே அதை அவ்வளவு தூரம் தள்ளியிருந்தது.

குண்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஒரு கேஸில் மருந்து விழவில்லை என்றால், அந்த மருந்து எங்கே போனது? மீதமிருந்த நாற்பத்தாறு தோட்டாக்களில் எதிலாவதுதான் இருக்க வேண்டும். ஒன்றைக்கூடச் சுடாமல் வீட்டுக்குத் திரும்பி, ஒவ்வொரு குண்டையும் தட்டிப் பிடுங்கி, மருந்தைத் தனித்தனியாகத் தராசில் வைத்தேன். முப்பதுக்கு மேல் பிரித்த பிறகு வந்த ஒன்றில், போட நினைத்ததைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்தது. 45 கோல்ட் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டுதான். இரு மடங்கு மருந்து அந்த எல்லையை எங்கோ தாண்டிவிடும். சிலிண்டரின் மேற்பகுதியும் அதற்கு மேலுள்ள சட்டமும் பெயர்ந்து போவதை அப்படித்தான் படங்களில் பார்க்கிறோம். யூனிக் இடத்தை அடைக்கும் மருந்துதான் என்றாலும், இந்தப் பெரிய கேஸில் இரட்டை அளவு வழிந்து காட்டிக்கொடுக்காது; உள்ளேயே அடங்கிவிடும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், "யூனிக் என்றால் இரட்டை அளவு வழிந்துவிடும், பயமில்லை" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சின்னக் கேஸுக்கு அது சரியாக இருக்கலாம்; 45 கோல்ட்டுக்குச் சரியில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை என் பழக்கம் ஒன்றுதான். ஐம்பது துளையிட்ட மரக்கட்டையில் கேஸ்களை வாய் மேல்நோக்கி நிறுத்திக்கொள்கிறேன். அளக்கும் கருவியின் கைப்பிடியை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் இழுத்து, மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி ஒரு தட்டுத் தட்டுகிறேன். ஐம்பதும் நிறைந்த பிறகு, ஒரு குண்டைக்கூட வைப்பதற்கு முன்பு, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து வரிசை வரிசையாக உள்ளே பார்க்கிறேன். ஒரே மட்டத்தில் நிற்கும் மருந்துகளுக்கு நடுவே ஒன்று தாழ்ந்திருந்தாலும் உயர்ந்திருந்தாலும் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். சந்தேகம் எழுந்த கேஸை மட்டுமல்லாமல் அதற்கு முன்னும் பின்னும் நிரப்பியவற்றையும் கொட்டி மறுபடி அளக்கிறேன். பத்துக்கு ஒன்றைத் தராசிலும் நிறுக்கிறேன். வேலை முடிந்ததும் மிச்ச மருந்தைக் கருவியிலேயே விட்டுவிடாமல் அதனுடைய சொந்த டப்பாவில் திருப்பிக் கொட்டிவிடுகிறேன். மறுநாள் அது எந்த மருந்து என்று ஊகிக்க வேண்டிய நிலைமை வரக்கூடாது, நைட்ரோகிளிசரின் உள்ள மருந்து கருவியின் பிளாஸ்டிக் கொள்கலனை அரிக்கவும் செய்யும். மேசையின் மேல் ஒரே சமயத்தில் ஒரு மருந்து டப்பாவுக்கு மேல் இருக்கவும் கூடாது.

இனி அந்தப் பெரியவரின் ரிவால்வர். அதில் யூனிக்கைச் சுடாதீர்கள்; அளவைக் குறைத்தும் சுடாதீர்கள். புகையில்லா மருந்துக்குத் தாங்கும் என்று கோல்ட் நிறுவனம் தன் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்கு உறுதி அளித்தது 1900ஆம் ஆண்டு வாக்கில்தான். உங்களுடையது அதற்கு முந்தியது. கரிமருந்து, தன்னைச் சுற்றி அழுத்தம் ஏறினாலும் தன் எரிவின் வேகத்தை அதிகமாகக் கூட்டிக்கொள்ளாது. புகையில்லா மருந்தோ அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். வேகமாக எரிய எரிய அழுத்தம் மேலும் ஏறும். அன்றைய இரும்பும் எஃகும் அந்த ஏற்றத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. அளவைக் குறைத்தால் நீங்கள் அஞ்சும் ஆபத்து போய்விடும் என்பதற்கும் உறுதியில்லை. குண்டு குழலில் சிக்கும் ஆபத்து புதிதாக வந்து சேரும்.

பழைய துப்பாக்கிகளைப் பரிசோதித்துப் பழகியவரிடம் கொடுத்து, அறைகளில் விரிசல் இருக்கிறதா, குழலும் அறையும் நேராகப் பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். சுடலாம் என்று அவர் சொன்னால், உண்மையான கரிமருந்தில், மென்மையான ஈயக் குண்டோடு மட்டும் சுடுங்கள். யூனிக்கில் வெற்றிடம் தவிர்க்க முடியாதது. கரிமருந்தில் வெற்றிடமே இருக்கக்கூடாது. குண்டின் அடி மருந்தைத் தொட்டு லேசாக அழுத்த வேண்டும். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் எரிந்தபின் மிஞ்சும் படிவு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் என்பதால், சுட்ட அன்று மாலையே சிலிண்டரைக் கழற்றி, அதையும் குழலையும் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவி, சூடு ஆறுவதற்குள் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். கேஸ்களையும் அந்தத் தண்ணீரிலேயே போட்டுவிடலாம். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் பித்தளை பச்சை பூத்துவிடும்.