பார்லிக் கதிருக்கு அடியில் ஒரு சிறகு

[திரையில்: கருப்புத் துணிமேல் ஒரு வெள்ளிக் காசின் ஓவியம். மெல்ல நெருங்கிப் போகிறோம்.]

வணக்கம். இந்தக் காசைக் கொஞ்ச நேரம் நிதானமாகப் பாருங்கள். நடுவில் ஒரு பார்லிக் கதிர். மணிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. தெற்கு இத்தாலிக் கடற்கரையில் கிரேக்கர்கள் குடியேறி உண்டாக்கிய மெட்டாபோண்டம் நகரத்தின் காசு இது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு. எடை சுமார் 8 கிராம்.

சரி, இப்போது கதிரை விட்டுவிட்டு விளிம்புப் பக்கம் வாருங்கள். அங்கே விசிறி மாதிரி வளைந்து போகும் சில கோடுகள் தெரிகின்றனவா? கதிருக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. காசைக் கொஞ்சம் திருப்புகிறேன்.

[காசு மெல்லச் சுழல்கிறது. பக்கவாட்டில் ஒளி விழுகிறது.]

அது ஒரு சிறகு. பெகாசஸ் என்ற பறக்கும் குதிரையின் சிறகு. கிரேக்க நாட்டிலிருந்த கொரிந்து நகரத்தின் சின்னம் அது. கடல் தாண்டி வந்த கொரிந்துக் காசின் மேலேயே மெட்டாபோண்டக்காரர்கள் தங்கள் கதிரை அடித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட காசுகள் ஒன்றிரண்டு அல்ல, நிறையவே கிடைத்திருக்கின்றன. சிலவற்றின் அடியில் சிசிலித் தீவின் அக்ரகாஸ் நகரக் கழுகும் நண்டும் தெரியும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? அந்தக் காலத்து அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் இடத்தில், ஒரு காசு செய்ய வேண்டுமென்றால் வெள்ளியை உருக்க வேண்டும், தரம் பார்க்க வேண்டும், சரியான எடையில் வில்லையாக வார்க்க வேண்டும். அப்புறம் வில்லையைச் சூடாக்கி, கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு வைத்து, சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டும். கையில் ஏற்கெனவே வேறு ஊர்க் காசு இருந்தால் பாதி வேலை மிச்சம். வெள்ளியின் தரம் தெரிந்தது; எடையும் ஏறத்தாழ ஒத்துப்போகிறது, கொரிந்துக் காசு அரை கிராம் போலத்தான் கூடுதல். சூடாக்கி அடித்தால் போதும்.

மெட்டாபோண்டம் பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வெள்ளிச் சுரங்கம் கிடையாது. வெள்ளி வெளியிலிருந்துதான் வர வேண்டும். வயலில் விளைந்தது கப்பலேறிப் போயிருக்கிறது, அதற்கு விலையாகப் பெகாசஸ் காசுகள் வந்திருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஊர்ச் சின்னமே கதிர் அல்லவா!

அடி எல்லா இடத்திலும் ஒரே அழுத்தமாக விழாது. விளிம்பை ஒட்டிப் பழைய உருவம் தப்பித்துக்கொள்ளும். ஒரு குளம்பு, ஒரு சிறகு நுனி. சில சமயம் குதிரையின் வயிற்றுக்குக் கீழே கொரிந்துக்காரர்கள் பொறித்த ‘கொப்பா’ என்ற எழுத்து, வட்டத்துக்குக் கீழே சின்னக் காம்பு வைத்த மாதிரி. இந்த மிச்சத்தைத் தேடுவதில்தான் நாணய ஆய்வாளர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் இருக்கிறது.

அந்தக் காலத்துக் காசுகளில் ஆண்டு போடும் வழக்கம் இல்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று எப்படிச் சொல்வது? பெரும்பாலும் சிற்பப் பாணியை வைத்துத்தான் கணிக்க வேண்டும். பாணி ஏமாற்றும். ஒதுக்குப்புறமான ஊரின் செதுக்குக்காரர் நூறு வருடம் பழைய மாதிரியிலேயே செதுக்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒன்றின்மேல் ஒன்று அடித்த காசு ஏமாற்றாது. போஸ்டர்மேல் போஸ்டர் ஒட்டினால் அடியில் இருப்பதுதானே முதலில் ஒட்டியது? அதே கணக்கு.

[திரையில்: கிரீட் தீவு, அதற்குத் தெற்கே ஆப்பிரிக்கக் கரையில் சிரீன் நகரம்.]

கிரீட் தீவில் இந்தக் கணக்கு நன்றாகக் கைகொடுத்தது. கோர்டின், பைஸ்டோஸ் என்ற நகரங்கள் எதிர்க்கரையிலிருந்த சிரீன் நகரத்தின் வெள்ளிக் காசுகள்மேல் தங்கள் அச்சை அடித்தன. சிரீன் காசில் இருப்பது சில்ஃபியம் என்ற செடி. மருந்துக்கும் சமையலுக்கும் பேர்போன அந்தச் செடி பிறகு பூமியிலிருந்தே மறைந்துபோனதாகச் சொல்கிறார்கள். அடியில் இருக்கும் சிரீன் காசின் காலம் தெரிந்தால், மேலே இருக்கும் கிரீட் காசு அதற்கு முந்தியதாக இருக்கவே முடியாது. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் லெ ரீடர் 1966இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மறு அச்சுக் காசுகளைப் பிடித்துக்கொண்டுதான் கிரீட் காசுகளின் வரிசையை ஒழுங்குபடுத்தினார்.

எல்லா இடத்திலும் வெள்ளித் தட்டுப்பாடுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். கி.பி. 132இல் யூதர்களின் நாடான யூதேயாவில் பார் கோக்பா என்பவரின் தலைமையில் ரோமுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிக்காரர்கள், பேரரசரின் முகம் இருந்த வெள்ளிக் காசுகள்மேல் எருசலேம் ஆலயத்தின் முகப்பை அடித்தார்கள். அந்த அடியில் கோபமும் இருந்தது.

[திரையில்: மகாராஷ்டிரம், நாசிக் பகுதி.]

நம் நாட்டிலும் உண்டு. 1906இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பி என்ற ஊரில் 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. எல்லாம் மேற்கு இந்தியாவை ஆண்ட க்ஷஹராத வம்சத்து அரசன் நகபானனின் காசுகள். திராக்மா என்ற கிரேக்க வெள்ளிக் காசின் மரபில் வந்தவை. தலையைச் சுற்றி அவன் பெயரும் பட்டமும் கிரேக்க எழுத்திலேயே இருக்கும். அவற்றில் 9,000க்கும் மேற்பட்டவற்றில் சாதவாகன அரசன் கௌதமிபுத்திர சாதகர்ணி தன் மூன்று வளைவு மலைச் சின்னத்தை மேலே அடித்திருந்தான்.

நாசிக் குகைக் கல்வெட்டில் அவன் தாய் கௌதமி பலஸ்ரீ, தன் மகன் க்ஷஹராத வம்சத்தை வேரோடு அறுத்தவன் என்று எழுதிவைத்திருக்கிறாள். தாய் மகனைப் புகழ்வது இயல்புதான் என்று ஒதுக்கிவிட முடியாதபடி இந்தக் காசுகள் இருக்கின்றன.

[திரையில்: காசு மிக அருகில்.]

பாருங்கள், மலை முத்திரை நகபானனின் கன்னத்திலேயே விழுந்திருக்கிறது. மூக்கு அப்படியே இருக்கிறது. விளிம்பில் கிரேக்க எழுத்துகள் நாலைந்து இன்னும் படிக்கக் கிடைக்கின்றன.